கருட சேவைக்கு முந்தைய மாலை

என் அக்காளின் கருமாதி முடிந்த மறுநாள் என் தாய் எங்கள் ஊரான முசரவாக்கத்துக்குத் திரும்பிப் போனாள். என்னை அழைத்துப் போகவில்லை. என் தகரப் பெட்டி ஊரிலிருந்து முன்னதாகவே வந்து சேர்ந்திருந்தது. அதை யார் கொண்டுவந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அக்காளின் மகளுக்கு இரண்டு வயது நிரம்பியிருக்கவில்லை. வருஷத் திதி முடியும்வரை அவளுக்கு நான் சித்தி. அதன் பிறகு ஆவணியில் அக்காளின் கணவரான மாமா எனக்குத் தாலி கட்டுவார். இதை யாரும் என்னிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் வகையறாவில் மூத்தவள் குழந்தையை விட்டுவிட்டுப் போனால் இளையவள் அந்த வீட்டுக்குப் போவது, மழைக்காலத்தில் குடை எடுப்பதைப்போலப் பேச்சில்லாமல் நடக்கிற காரியம்.

அப்போது எனக்கு இருபது வயது. பள்ளியிறுதி தேறியிருந்தேன். ஆசிரியப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்றிருந்தேன்.

மாமா கெட்டவர் அல்லர் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். குரல் உயர்த்தாத மனிதர். அக்காளை அவர் ஒரு சொல் கடிந்து நான் கேட்டதில்லை. ஆனால் அவரைப் பார்க்கும்போதெல்லாம் என் அக்காளின் புருஷனைத்தான் பார்த்தேன். அந்தப் பார்வையை மாற்றிக்கொள்ள ஓர் ஆண்டு முழுவதும் முயன்றும் என்னால் முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. குழந்தை ஒவ்வோர் இரவும் என் முந்தானை முனையைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டுதான் தூங்கும். மாமாவுக்குச் சொல்லும் மறுப்பை அந்தச் சிறிய முஷ்டிக்கும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்?

சின்ன காஞ்சிபுரத்தில், வரதர் கோயிலுக்குப் போகிற வழியில் அவருடைய ஓட்டல் இருந்தது. கீழே ஓட்டல், மேலே வீடு. மாடிப்படி அடுப்படிக்குள்தான் இறங்கும். தெருவுக்குப் போக வேண்டுமானால் அடுப்படியைக் கடந்து, சாப்பிடுகிறவர்களின் நடுவே நடந்து, மாமா உட்கார்ந்திருக்கும் கல்லாவைத் தாண்ட வேண்டும். வேறு வாசல் இல்லை. மாடிப்படியின் மேல்முனையில் மாமாவின் தாயார் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார். அக்காளைப்போல நானும் அவரை அத்தை என்றே அழைத்தேன்.

அத்தையின் பார்வையிலிருந்து சற்று விலகியிருப்பதற்காகவே நான் கீழே இறங்கினேன். கொல்லைப்புறத்தில் மாவு அரைக்கும் கொட்டகை இருந்தது. இரண்டு பெண்கள் ஆட்டுக்கல்லில் அரைப்பார்கள். அரிசி களைவது, உளுந்து ஊறவைப்பது, அவர்களை மேற்பார்வையிடுவது ஆகிய வேலைகளை எனக்கு அத்தை அனுமதித்தார். அரைத்து முடித்த மாவு, கொட்டகைக்கும் அடுப்படிக்கும் இடையிலிருந்த சுவரின் திறப்பு வழியாக உள்ளே போகும். உள்ளே போன மாவில் பெண் கை படக்கூடாது. உப்பிட்டுக் கரைப்பது அடுப்படி ஆண்களின் வேலை. கோயிலுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் சாப்பிடுகிற இடம். தீட்டு என்ற சொல் ஒரு முறை தெருவில் விழுந்தால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். அரைக்கிற பெண்கள் இருவரும் மாதவிலக்கு நின்ற வயதினர். அத்தை அப்படிப் பார்த்துத்தான் அமர்த்தியிருந்தார்.

ஓட்டல்களில் அடுப்படியின் தலைவரைச் சரக்கு மாஸ்டர் என்பார்கள். எங்கள் மாஸ்டருக்கு முப்பது வயதிருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். தந்தையும் அண்ணன்மாரும் தறியில் இருந்தார்கள். இவர் மட்டும் பதினைந்து வயதில் ஓட்டலுக்கு வந்துவிட்டார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"தறிக்குழியில கால வுட்டுக்கினு ஆயுசுக்கும் ஒக்கார முடியல, சின்னம்மா."

"இங்கே மட்டும்?"

"இங்க நிக்கறேனே" என்றார். சிரித்த மாதிரி இருந்தது. அடுப்புப் புகையில் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

முதலாளி வீட்டுப் பெண் என்பதால் எனக்கு அங்கே சின்னம்மா என்று பெயர். மாஸ்டர் சனிக்கிழமை தவறாமல் வரதரைச் சேவிப்பவர். நெற்றியில் திருமண் இல்லாமல் அடுப்பு மூட்டமாட்டார்.

அரிசிக்கு நாடெங்கும் தட்டுப்பாடு வந்து, திங்கட்கிழமை மாலைகளில் ஓட்டல்கள் அடுப்பை மூடிவைத்த காலம் அது. அந்த மார்கழியில் குளிர் அதிகம். அதிகாலையிலேயே கோயில் கூட்டம் வந்துவிடும். மாவோ இரவெல்லாம் கிடந்தும் பொங்க மறுத்தது. இட்லி தட்டையாக, கெட்டியாக வந்தது. பட்டுக்கடைக் கணக்குப்பிள்ளை ஒருவர் தினமும் முதல் ஈட்டு இட்லிக்கு வந்து உட்காருவார். ஒருநாள் இட்லியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்.

"மாஸ்டர், கோயில் மதில்ல ஒரு கல்லு கொறையுதுன்னு பேசிக்கினாங்க. இத்த குடுத்தனுப்பேன்."

கூடம் முழுவதும் சிரித்தது. கல்லாவில் மாமா தலை குனிந்துகொண்டார். அன்று முழுவதும் மாஸ்டர் கூடத்தின் பக்கம் தலை காட்டவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மாலை, அடுப்புகள் ஆறிக் கிடந்தபோது, அவர் சுவர்த் திறப்புக்கு வந்து நின்றார்.

"சின்னம்மா, உங்க கை சூடா, ஜில்லுனு இருக்குமா?"

நான் விளங்காமல் பார்த்தேன்.

"சில பேர் கைய வெச்சா மாவு பொங்கும். எங்கம்மா கை அப்டி. எனக்கு எங்கப்பா கை. பனியில தூக்கி வெச்ச இரும்பாட்டம் இருக்கும்."

கையில் சூடு இருப்பவர்கள் கரைத்தால் மாவு எழும்பும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருமே நம்பினார்கள். என் கையை நானே கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. அரைக்கும் பெண்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அத்தை மேலே குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டர் தம் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அழைத்தார். நான், இந்த வீட்டில் என்னிடம் யாரோ ஒன்றைக் கேட்டார்கள் என்பதற்காகப் போனேன். எனக்கு இட்ட கட்டளைகள் பல உண்டு. என்னைக் கேட்டது அதுவே முதல் முறை.

வளையல்களைக் கழற்றி உப்பு ஜாடியின் மூடிமேல் வைத்தேன். பெரிய அண்டாவில் முழங்கை வரைக்கும் கையை இறக்கிக் கரைத்தேன். அவர் எதிரில் நின்று, "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று தெலுங்கில் எண்ணி முணுமுணுத்தபடி பிடி பிடியாக உப்பைத் தூவினார். மறுநாள் காலையில் இட்லி பஞ்சாக வந்தது. கணக்குப்பிள்ளை இரண்டாவது தட்டு கேட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் விளக்கேற்றும் வேளையில் நான் மாவு கரைத்தேன். மற்ற ஆட்கள் அந்நேரத்தில் கிணற்றடியில் குளிக்கப் போயிருப்பார்கள். அதிகம் பேசியதில்லை. பொட்டலம் கட்டுவதற்கென்று பழைய வாரப் பத்திரிகைகளை எடை போட்டு வாங்கிவந்து அடுப்படி மூலையில் அடுக்கியிருப்பார்கள். நான் அவற்றை நின்றபடியே படிப்பதை அவர் பார்த்திருக்கிறார். அடுத்த வாரங்களில் தொடர்கதைப் பக்கங்கள் மட்டும் வரிசை பிசகாமல் வாழைநாரில் கட்டித் தனியாக இருக்கத் தொடங்கின. அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். படங்களைப் பார்த்தே வரிசைப்படுத்தியிருந்தார்; சில கதைகளில் கல்யாணம் முடிந்த பிறகு காதலர்கள் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டார்கள்.

அதைச் சொன்னபோது, "அப்டியும் நடக்கும்தானே" என்றார்.

ஒருநாள் வளையல்களை மறந்து மாடிக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் சுவர்த் திறப்பில், மந்தார இலை ஒன்றின்மேல் அவை இருந்தன. அந்த இலையின் நுனியைப் பிடித்துத்தான் அவர் தள்ளி வைத்திருந்தார். வளையலை அவர் விரல் தொடவில்லை. அடுப்படியில் நாங்கள் இருந்த காலம் முழுவதும் அவருடைய கையும் என்னுடைய கையும் ஒரே அண்டாவின் மேலே இருந்தும் ஒன்றையொன்று தொட்டதில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது விளங்க வேண்டுமானால் இது தெரிந்திருக்க வேண்டும்.

மாதத்தில் மூன்று நாட்கள் நான் மாடியின் பின்கட்டில் தனித் தட்டோடும் தனிப் பாயோடும் உட்கார வேண்டும். அந்த நாட்களில் இயல்பாகவே மாவு கரைக்கப் போகமாட்டேன். முதல் மாதம் விளக்கேற்றிய பிறகும் வெகுநேரம் காத்திருந்து அவரே கரைத்தாராம். மறுநாள் இட்லி தட்டை. கணக்குப்பிள்ளை மதில் கல்லைப் பற்றி மறுபடி பேசினார். இரண்டாம் மாதம் மாஸ்டர் காத்திருக்கவில்லை. நான் இன்னின்ன நாட்களில் வரமாட்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதை உணர்ந்தபோது எனக்கு உடல் கூசியது. பிறகு எப்போது கூச்சம் போயிற்று, அந்த இடத்தில் வேறு என்ன வந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நான்காம் நாள் தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலோடு இறங்கினால், அவர் அடுப்பைப் பார்த்தபடி "வந்துட்டீங்களா" என்பார். அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காக மூன்று நாளும் பின்கட்டில் உட்கார்ந்திருந்தேன் என்பது உண்மை.

சித்திரை வந்தது. வெயிலுக்கு மாவு தானாகவே பொங்கி அண்டாவை விட்டு வழியத் தொடங்கியது. சூடான கை தேவைப்படாத காலம். இன்றைக்குச் சொல்லிவிடுவார், இனி வர வேண்டாம் என்று இன்றைக்குச் சொல்லிவிடுவார் என்று ஒவ்வொரு மாலையும் நினைத்துக்கொண்டு இறங்குவேன். ஆனால் உப்பு ஜாடி எனக்காகத் துடைத்து எடுத்து வைக்கப்பட்டிருக்கும். கடைசியில் நானே கேட்டேன்.

"இப்ப எதுக்கு மாஸ்டர் என் கை? வெயில்லயே பொங்குதே."

"ஆமா, பொங்குது" என்றார். அண்டாவை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "எல்லாம் எடுத்து வெச்சுட்டேன். கைய கழுவிக்கினு வாங்க" என்றார்.

காதல் என்ற சொல்லை நான் தொடர்கதைகளில் எத்தனையோ பக்கங்களில் படித்திருக்கிறேன். அதற்கு இப்படி ஒரு வாக்கியமும் உண்டு என்று எந்தக் கதையிலும் இல்லை.

கரைத்து முடித்த பிறகு, "ஆவணியில எனக்குக் கல்யாணம்" என்றேன்.

"தெரியும்."

"மாமா நல்லவரு."

"அதான் கஷ்டம்" என்றார். "கெட்டவனா இருந்தா நான் எப்பவோ பேசியிருப்பேன். சோறு போட்ட மனுசன்."

என்ன பேசியிருப்பார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த அடுப்படியில் எங்கள் இருவருக்கும் வாசல் ஒன்றே. அதில் மாமா உட்கார்ந்திருந்தார்.

சித்திரைக் கடைசியில் அத்தை ஒன்று சொன்னார். தினமும் முதல் ஈட்டில் நான்கு இட்லி மாடிக்குப் போகும். எங்கள் மாஸ்டர் அடித்துக் கரைக்கிறவர். நான் அடியிலிருந்து மெல்ல அணைத்துக் கரைப்பேன். இட்லியின் குணம் கைச்சூட்டில் இல்லை, இந்தப் பழக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும் என்று பிற்பாடு எனக்குத் தோன்றியது. கோடையிலும் அந்த மூன்று நாள் வேறுபாடு மறையவில்லை. அத்தையின் நாக்கு அதைப் பிடித்துவிட்டது.

"நீ தனியா ஒக்கார்ற நாளா பாத்து இட்லி கல்லா பூடுது. இன்னாடி மாயம்?"

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு என் கைகளைப் பார்த்தார். அத்தைக்கு ஒரு நூல் கிடைத்தால் போதும், சேலை முழுவதையும் பிரித்துவிடுவார். அடுத்த முறையும் இட்லி கெட்டியானால் அவர் மாடியிலிருந்து இறங்கி வந்து மாவு கரைப்பவர் யார் என்று கேட்பார். மாஸ்டர் அன்றே தெருவில் நிற்பார். எனக்கு அந்த மாலை வேளைகளும் இல்லாமல் போகும்.

வைகாசியில் வரதருக்குக் கருட சேவை. சுற்றுவட்ட ஊர்களெல்லாம் காஞ்சிபுரத்துக்கு வந்துவிடும். எங்கள் ஓட்டலில் ஆண்டிலேயே பெரிய நாள் அதுதான். விடிவதற்கு முன்பே இட்லி ஈடு இறங்கத் தொடங்கும். அதற்கு முந்தைய நாள் காலையில் நான் விலக்கானேன்.

யாரிடமும் சொல்லவில்லை. பாயை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போகவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டினேன், அத்தைக்குப் பரிமாறினேன். துணிகளை அடுப்படிக் கரித்துணிகளோடு சேர்த்துத் தொட்டியடியில் அலசினேன். வயிற்று வலியோடு உளுந்து களைந்தேன். என் இருபது ஆண்டு வளர்ப்பில் அப்படி ஒரு காரியத்தை நினைத்துப் பார்த்ததும் இல்லை.

விளக்கேற்றும் வேளையில் இறங்கினேன். மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தாமே கரைப்பதற்காகக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் வரமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். என்னைக் கண்டதும் தண்ணீர்ச் சொம்பு கையிலேயே நின்றுவிட்டது.

"இன்னிக்கு…" என்று ஆரம்பித்தார்.

"இன்னிக்கும் நான்தான்."

"நாளைக்கு கருட சேவை."

"தெரியும். அத்தைக்கு சந்தேகம் வந்துடுச்சு. இட்லி மாறினா நாளைக்கே கேப்பாங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கோயில் இருக்கும் திசைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே விசிறி விற்கிறவன் போய்க்கொண்டிருந்தான். போங்கள் மேலே என்று அவர் சொல்லியிருந்தால் போயிருப்பேன். வளையல்களைக் கழற்றினேன். அண்டாவில் கையை இறக்கினேன். அவர் உப்பு ஜாடியைத் திறந்தார். அன்று எண்ணவில்லை, உதடுகள் மட்டும் அசைந்தன. என்ன சொல்லிக்கொண்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் காரியத்தில் பாதியை அந்த உப்போடு அவர் தம் கணக்கில் எழுதிக்கொண்டார் என்று மட்டும் விளங்கியது.

கருட சேவையன்று இட்லி பூவாக வந்தது. ஊரிலிருந்து வந்த என் தாயும் கோபுர வாசல் தரிசனம் முடித்துக் கீழே அமர்ந்து சாப்பிட்டாள். பெருமாள் தெருவில் எழுந்தருளியபோது எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். நான் மாடியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

இட்லி அத்தையை ஏமாற்றிவிட்டது. ஆனால் நான் ஒன்றை மறந்திருந்தேன். ஒரே வீட்டில் இருக்கும் பெண்களின் நாட்களை மூத்தவள் மனத்தில் வைத்திருப்பாள். சில நாட்கள் கழித்து அத்தை என்னை அருகில் அழைத்தார்.

"இந்த மாசம் நீ ஒக்காரவே இல்லியேடி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தை என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு நான் கொஞ்சமும் எதிர்பாராத விதமாக அந்த முகம் இளகியது.

"தலைய குனிஞ்சிக்கினா ஆச்சா? இவன் அப்பனும் இப்டித்தான், பொறுமையே கெடையாது. சரி வுடு. வூட்டுக்குள்ள நடந்தது வூட்டுக்குள்ளயே இருக்கட்டும். ஆவணி வரைக்கும் எதுக்கு? திதி முடிஞ்ச கையோட தாலிய கட்டிடலாம்."

நான் கருவுற்றிருக்கிறேன் என்றும், தம் மகனே காரணம் என்றும் அவர் முடிவு செய்துவிட்டார். அடுத்த மாதமே, ஆனியில், அக்காளின் திதி. எனக்கிருந்த அவகாசமும் போயிற்று.

மறுநாள் பிற்பகல், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், மாமா மேலே வந்தார். குழந்தை அவர் தோளில் ஏறிக்கொண்டது.

"அம்மா இன்னாவோ சொல்லுது."

நான் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தேன்.

"நான் இல்லன்னு எனக்குத் தெரியும். வேற யாரு?"

இலை எடுத்த பிறகு, என்ன சாப்பிட்டீர்கள் என்று கல்லாவில் கேட்கும் அதே குரல். என்னிடம் இரண்டு விடைகள் இருந்தன. கருட சேவைக்கு வந்த அத்தனை பேருக்கும் விலக்கான கையால் மாவு கரைத்தேன் என்ற உண்மையைச் சொல்லலாம். சொன்னால் என் பெயர் தூய்மையாகும், கடை மூடப்படும், கடை மூடினாலும் ஆனியில் எனக்குத் தாலி ஏறும். அல்லது ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். வாயைத் திறக்காமல் இருந்தால் அந்த ஒற்றை வாசல் எனக்குத் திறக்கும், குழந்தையை உள்ளே விட்டுவிட்டு. மாமாவின் தோளில் அது என் முந்தானையை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் குழந்தையை இறக்கிவிட்டு அடுப்படிக்குப் போனார். நான் பாதிப் படிவரை தொடர்ந்தேன்.

"மாஸ்டர், மேல இருக்கற பொண்ணு முழுகாம இருக்குதாம். உனக்கு எதாச்சும் தெரியுமா?"

மாஸ்டர் தோசைக்கல் முன்னால் நின்றிருந்தார். அது பொய் என்று உலகத்தில் என்னைத் தவிர உறுதியாக அறிந்தவர் அவர் ஒருவரே. அவர் நிமிர்ந்து படியைப் பார்த்தார். நான் நின்ற விதத்திலேயே எல்லாம் படித்துக்கொண்டிருக்க வேண்டும். கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான்தான் மொதலாளி."

"நெஜமாவா?"

"ஆமா."

சப்ளையர் ஒருவர் கதவண்டை வந்து, "ரெண்டு சாதா, முறுகலா" என்றார். யாரும் அசையவில்லை. "மாஸ்டர், ரெண்டு சாதா" என்றார் மறுபடியும். மாமா கரண்டியை எடுத்து மாவைக் கல்லில் ஊற்றினார். அது பாதியில் கிழிந்தது. அதைச் சுரண்டி எறிந்துவிட்டு இன்னொன்று ஊற்றினார்.

"கைய கழுவிக்கினு போ" என்றார், கல்லைப் பார்த்தபடியே. "அவளையும் கூட்டிக்கினு போ."

என் தகரப் பெட்டியோடு அடுப்படியையும் கூடத்தையும் கடந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். மாமா அதற்குள் கல்லாவுக்கு வந்து குழந்தையை மடியில் வைத்திருந்தார். கோயிலுக்குப் போகிறோம் என்று எண்ணி அது எழுந்து நின்றது.

"கொழந்தய மட்டும் கேக்காத" என்றார்.

நான் கேட்கவில்லை.

திருப்புட்குழியில், பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் வருகிற அந்தக் கோயிலில், எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. மாஸ்டருடைய தாயார் மட்டும் வந்திருந்தார். தாலி கட்டிய பிறகு மாஸ்டர் முதன்முறையாக என் கையைப் பிடித்தார். "சூடாத்தான் இருக்குது, சின்னம்மா" என்றார். அந்த அழைப்பை அவர் விட்டுவிட நெடுநாள் ஆயிற்று.

வாலாஜாபாத்தில் பேருந்து நிற்குமிடத்துக்கு எதிரே ஒரு சிறிய இட்லிக் கடை போட்டோம். அங்கே மாவு கரைப்பது யார் என்று எவரும் கேட்கவில்லை. அவரோடு வாழ்ந்த வாழ்க்கையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் வயிற்றில் இல்லாத ஒரு பிள்ளையை நம்பித்தான் ஊர் எங்களைப் பிரித்தெறியாமல் விட்டிருந்தது; அந்தப் பிள்ளை பிறந்தாக வேண்டிய மாதம் நெருங்கியது.

அந்த மாதத்தில் ஒருநாள் என் தாய் வந்தாள். அதுவரை அவள் எனக்கு ஒரு சொல் சொல்லியனுப்பியதில்லை. கையில் பிரசவ மருந்து, நல்லெண்ணெய், குழந்தைக்குக் கிழித்த பழைய மெல்லிய சேலை. நான் ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் வயிற்றைப் பார்த்தாள். மூலையில் தூளி தொங்குகிறதா என்று பார்த்தாள்.

"எங்கடி கொழந்த?"

"இல்லம்மா. எப்பவும் இல்ல."

முழுவதையும் சொன்னேன். ஒரு முறையும் குறுக்கிடாமல் கேட்டாள். முடிந்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அன்னிக்கு அந்த இட்லிய நானும் துன்னேனே."

"ஆமா."

"பெருமாள சேவிச்சுட்டு வந்து துன்னேன்டி." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு அந்தப் புள்ள இருந்திருந்தாலே தேவலாம்" என்றாள்.

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் அழுகைக்கு நடுவே ஒரு கணம் சிரித்தாள். ஆனால் என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் அவள் அருகில் நகர்ந்து உட்கார்ந்தாள். "உங்கக்கா கொழந்தய அப்பப்ப எங்கிட்ட அனுப்பறாங்க. நீ நம்ம வூட்டுல காலெடுத்து வெச்சா அனுப்பமாட்டாங்க. உங்க மாமன்கிட்ட நான் நெஜத்த சொல்லிடட்டுமா? தப்பு ஒன்னும் நடக்கலன்னு தெரிஞ்சா நீயும் வந்து போவலாம்."

அவள் சொன்னது உண்மைதான். பெயரைத் துடைத்துக்கொண்டால் குழந்தையைப் பார்க்கலாம். ஆனால் மாமாவிடம் சொன்னது அத்தையின் காதுக்குப் போகும்; அத்தையின் வாயிலிருந்து அரைக்கும் பெண்களுக்கு, அவர்களிடமிருந்து தெருவுக்கு. அந்தக் குழந்தையின் சோறு அந்த அடுப்பில்தான் வெந்துகொண்டிருந்தது.

"சொல்லாதம்மா" என்றேன்.

"அப்ப நீ வரவே முடியாதுடி."

"தெரியும்."

பேருந்து வந்துவிட்டது. மருந்தையும் எண்ணெயையும் என்னிடமே விட்டுவிட்டு எழுந்தாள். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பிக் கேட்டாள்.

"சித்தி எங்கன்னு கேக்குது அது. இன்னா சொல்றது?"

"வேலைக்குப் போயிருக்குதுன்னு சொல்லு."

பல ஆண்டுகள் என் தாய் அப்படியே சொல்லிவந்தாள். குழந்தையும் அதை நம்பியது.